ஹவுஸ் மியூசிக்கும் புளியந்தோப்பு சவுண்ட் சர்வீஸும்

கிளப் என்றதும் எங்கள் ஏரியா பசங்களுக்கு ஞாபகம் வருவது நட்சத்திர ஓட்டல்தான். ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவார்கள், செருப்புக் காலோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள், வியாசர்பாடி என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனாலேயே கிளப்பில் ஆடுவதற்காக மெஷின்களில் போடும் டெக்னோ, ஹவுஸ் மாதிரி மியூசிக் எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் கதை அப்படியே தலைகீழ்.

1970-களில் அமெரிக்காவில் டிஸ்கோவை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், லத்தீன் மக்கள், தன்பாலீர்ப்பாளர்கள். 1977-ல் சிகாகோவில் திறந்த வேர்ஹவுஸ் கிளப்புக்கு ரெக்கார்டு ஓட்ட நியூயார்க்கிலிருந்து வந்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவைப் பிடிக்காதவர்கள் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள், கூட்டம் உள்ளே புகுந்து செய்த ரகளையில் அடுத்த மேட்சே நடக்கவில்லை. பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் மெல்ல டிஸ்கோவிடமிருந்து நழுவின. நக்கிள்ஸ் விடவில்லை. பழைய பாட்டையே வெட்டி ஒட்டி, தாளத்தை நீட்டி, அப்புறம் தானாகத் தாளம் போடும் டிரம் மெஷினையும் சேர்த்து ஓட்டினார். ஹவுஸ் அங்கிருந்து கிளம்பியதுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மெஷின்களின் கதை. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி, தனியாக வாசிக்கிற கிதார்காரருக்குத் துணையாக, பேஸ் கிதாரின் கனத்த கீழ் சுரங்களை வாசிக்கட்டும் என்று டிபி-303 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அது பேஸ் கிதார் மாதிரி கொஞ்சம்கூட ஒலிக்கவில்லை, விற்கவும் இல்லை, 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்த அதை வாங்கிய சிகாகோ பசங்க, குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகியதில் வந்த அந்த நெளிகிற சத்தம்தான் 1987-ல் ஆசிட் ஹவுஸ் என்ற புது வகை ஹவுஸ் ஆனது. இதில் கூத்து என்னவென்றால், 1982-லேயே மும்பையில் இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், இதே 303-ஐயும் 808 டிரம் மெஷினையும் வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் போட்டிருந்தார். அப்போது சீந்த ஆளில்லை. 2010-ல் மறுபடி வெளிவந்த பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஆட்டம், ஸ்பீக்கர் என்று வந்தால் கரீபியன் தீவான ஜமைக்காவை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதன் தலைநகர் கிங்ஸ்டன் தெருக்களில் 1950-களிலேயே பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கி, யாருடைய செட் பெரிது என்று போட்டி போட்டு ஆடினார்கள். ஆடி மாசம் புளியந்தோப்பில் கூழ் ஊற்றுகிற அன்று சவுண்ட் சர்வீஸ்காரர் பாக்ஸ் அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. வெளியே நிம்மதியாக ஆட முடியாதவர்கள்தான் வேர்ஹவுஸுக்குள் விடிய விடிய ஆடினார்கள். எங்கள் தெருவில் குத்து ஆரம்பித்தால் நடுவில் நிற்பது பசங்க மட்டும்தான், பெண்கள் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். மஞ்சள் நீராட்டு விழாவில் அக்காக்கள் ஆடுவதுண்டு, அதுவும் சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கும்போது. திருநங்கை யாராவது ஆட வந்தால் விசிலும் கிண்டலும்தான்.

இத்தனைக்கும் எனக்கு ஹவுஸ் மியூசிக்கை அறிமுகப்படுத்தியதே என் தங்கச்சி. இந்த ஆடிக்கு நீயும் கீழே இறங்கி ஆடேன் என்றேன். "முதல்ல உன் பசங்கள அந்த பாக்ஸ் பக்கத்துலேர்ந்து நகரச் சொல்லுண்ணா, அப்புறம் பாக்கலாம்" என்கிறாள்.