வெட்ட இரண்டு நாள், ஸ்டீயரிங்குக்கு நான்கு மாதம்

அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருப்பேன். ரோட்டில் ஒரு சின்ன மேடு, இடது சக்கரம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான், ஸ்டீயரிங் என் கையை உதறிவிட்டு இடமும் வலமும் அடிக்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் கிடந்த அளவு டேப் கீழே விழுந்தது, பானெட் தனியாகக் கழன்று ஆடுவது போலத் தெரிந்தது. பிரேக்கை மெதுவாக மிதித்து இருபதுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. இதைத்தான் டெத் வாபிள் என்கிறார்கள். பெயரைக் கேட்டபோது ரொம்பவே மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை.

என் பிக்கப்பின் முன்பக்க ஐ.எஃப்.எஸ்-ஐ, அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை, கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டையும் ஒரே கெட்டியான குழாயில் இணைக்கும் சாலிட் ஆக்ஸிலில் ஓட்டிய முதல் நாள் அது. வண்டி நிமிர்ந்து அழகாக நின்றது, போட்டோவெல்லாம் எடுத்து முடித்திருந்தேன்.

ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் இரும்புக் கம்பி, அதாவது டார்ஷன் பார், வைத்த வண்டி. 33 இன்ச் டயர் போடுவதற்காக அந்தப் பாரை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கியிருந்தேன். முறுக்கினால் வண்டி உயரும்தான், ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருந்த தூரத்தைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும், மற்றொன்று சுற்றாமல் நிற்கும். சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் சி.வி ஜாயின்ட் எப்போதும் சாய்வான கோணத்திலேயே சுற்றியதில் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் எல்லாம் ரிம்மில் தெளித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) வளைந்த அன்று முடிவு செய்தேன்.

சாலிட் ஆக்ஸிலில் ஒரு பக்கச் சக்கரம் பாறையில் ஏறினால் அதே ஆக்ஸில் மறுபக்கச் சக்கரத்தைத் தரையில் அழுத்தும். இரண்டு சக்கரத்துக்கும் சுற்றலைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் ஆக்ஸிலோடு சேர்ந்தே ஏறும் என்பதால் அதன் அடியில் இருக்கும் இடைவெளி மாறாது. ஐ.எஃப்.எஸ்-இல் டிஃபரென்ஷியல் சேஸிஸில் மாட்டியிருக்கும், ஸ்பிரிங் அமுங்க அமுங்க வயிறு தரையை நோக்கி வரும். ஆனால் பிக்கப்பை முக்கால்வாசி நேரம் தார் ரோட்டில் ஓட்டுகிறவர், மண்ணில் வேகமாகப் போக ஆசைப்படுகிறவர் தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம். சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை கூடிவிடுகிறது, ஒரு பக்கம் குழியில் விழுந்தால் மறுபக்கமும் பதில் சொல்கிறது. பாலைவன ரேஸ் வண்டிகளில் பெரும்பாலானவை முன்பக்கத்தில் ஐ.எஃப்.எஸ் வைத்திருப்பது சும்மா இல்லை. மெதுவாகப் பாறை ஏறுகிறவர்களுக்கான வேலை இது.

அமெரிக்காவில் விற்ற டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகளில் 1985 வரைக்கும் முன்னால் சாலிட் ஆக்ஸில்தான் இருந்தது, 1986-இல் டார்ஷன் பார் ஐ.எஃப்.எஸ் வந்தது. அந்தப் பழைய ஆக்ஸிலைப் புது வண்டிக்கு அடியில் பொருத்துவதிலிருந்துதான் இந்த வேலைக்குப் பாதிப் புகழ் கிடைத்தது. சுசுகி ஜிம்னியும் ஜீப் ராங்லரும் சாலிட் ஆக்ஸிலை விடாமலே வைத்திருக்கின்றன, அவர்கள் பாடு நிம்மதி.

சரி, வேலைக்கு வருகிறேன். ஆக்ஸில் வாங்கும் முன், எஞ்சின் சுற்றலை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் அவுட்புட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று படுத்துப் பாருங்கள். டிஃபரென்ஷியலும் அதே பக்கம் இருந்தாக வேண்டும். அப்புறம் ரேஷியோ. ஆக்ஸிலின் ஒரு பக்க ஹப்பைப் பிடித்து நிறுத்தி மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் பினியன் (டிஃபரென்ஷியலுக்குள் ஷாஃப்ட் சுற்றும் சின்ன கியர்) எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. எனக்கு நான்கும் கொஞ்சமும் வந்தது, பின்னால் இருந்தது 4.88. அப்படியே மாட்டினால் கெட்டியான தரையில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது உடைக்கும், ஆகவே முன்பக்க கியர் செட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவை நான் கணக்கில் எழுதியே இருக்கவில்லை.

வெட்டும் முன் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், பழைய சக்கரத்தின் மையத்தைத் தரைக்குக் கொண்டுவந்தது. வண்டியை ரசமட்டம் வைத்து ஸ்டாண்டில் நிறுத்தி, ஹப் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் குறி போட்டு, பின் ஆக்ஸிலிலிருந்து குறுக்கு அளவும் எடுத்து எழுதி வைத்தேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு கிரைண்டரை எடுத்தேன். கன்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட், டார்ஷன் பார் மவுன்ட், டிஃபரென்ஷியல் தொங்கிய குறுக்குச் சட்டம் என்று எல்லாவற்றையும் இழைத்து எடுக்க இரண்டு நாள் ஆனது. இதில் சுகமே தனி, ஒவ்வொரு துண்டும் டங்கென்று விழும்போது ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். பெயின்ட்டைச் சுரண்டியபோது ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் துளையிலிருந்து முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடுவது தெரிந்தது. விரிசல் முனையில் துளை போட்டு, வி வடிவில் இழைத்து, வெல்டிங் நிரப்பி, மேலே ஒரு பிளேட் வைத்தேன், போல்ட் போகும் துளைகளுக்கு உள்ளே குழாயும் வைத்தேன். பெரிய டயரோடு ஸ்டீயரிங் திருப்பும் பலமெல்லாம் அந்த இடத்தில்தான் விழுகிறது, விரிசல் இல்லாவிட்டாலும் பிளேட் வைத்துவிடுங்கள்.

நான்கு லிங்க், காயில் ஸ்பிரிங் என்றெல்லாம் போகாமல் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கே வைத்தேன். பட்டையே ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும், எனக்குத் தெரிந்த கணக்குக்கு அது போதும். டயர் பின்னால் உரசாமலிருக்க ஆக்ஸிலை இரண்டு இன்ச் முன்னால் தள்ளினேன். ஸ்பிரிங் மாட்டும் ஹேங்கரை டேக் மட்டும் (புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டிங்) அடித்து நிறுத்திக் குறுக்கு அளவு பார்த்தால் எட்டு மில்லி கோணல். முழு வெல்டிங் வைத்திருந்தால் அழுதிருப்பேன்.

தப்பு நடந்தது இதற்கு அடுத்த படியில். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நேராக ஓட வேண்டுமே என்று பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்துத் தூக்கி வைத்து, அந்த நிலையிலேயே ஸ்பிரிங் உட்காரும் பேடுகளை ஆக்ஸில் மேல் வெல்டிங் வைத்துவிட்டேன். பினியனும் சக்கரம் திரும்பும் நக்கிளும் ஒரே ஹௌசிங்கில் இருப்பவை. பினியன் மூக்கை ஐந்து டிகிரி தூக்கினால் காஸ்டர் ஐந்து டிகிரி குறைகிறது. காஸ்டர் என்பது நக்கிள் சுழலும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு, சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல. அதுதான் ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருகிறது. ஐந்தாறு டிகிரி இருந்திருக்க வேண்டும், எனக்கு இருந்தது ஒன்றரை. அதோடு ஒரு டை ராட் எண்டில் லேசான ஆட்டமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் அறுபதில் ஒரு மேடு போதும்.

டை ராட் எண்டை மாற்றினேன், வாபிள் எழுபதுக்குத் தள்ளிப்போனது. ஸ்பிரிங்குக்கும் பேடுக்கும் நடுவில் சாய்வான ஆப்பு வைத்தேன், காஸ்டர் வந்தது, பினியன் மூக்கு கவிழ்ந்தது, ஃபோர் வீல் டிரைவில் போட்டால் ஷாஃப்ட் அதிர்ந்தது. சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து பிரித்துவிடும் லாக்கிங் ஹப்பைத் திறந்துவிட்டால் ரோட்டில் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது, அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். ஆக்ஸில் குழாயின் நுனியில் நக்கிளைத் தாங்கும் முனைத்துண்டின் வெல்டிங்கை இழைத்து, அந்த முனைத்துண்டை மட்டும் திருப்பி மறுபடி வெல்டிங் வைப்பதுதான் சரியான வழி. 75 மில்லி குழாயில் ஒரு டிகிரி என்பது சுற்றளவில் 0.65 மில்லிதான். ஐந்து டிகிரிக்கு மூன்றேகால் மில்லி. நான் முதலில் சாக்பீஸால் கோடு போட்டேன், கோட்டின் தடிமனே இரண்டு டிகிரி இருந்தது! அப்புறம் கூரான ஆணியால் கீறி, இரண்டு பக்கமும் ஆங்கிள் கேஜ் வைத்துப் பார்த்து, நான்கு இடத்தில் டேக் அடித்து, மறுபடி பார்த்து, துண்டு துண்டாக எதிரெதிர்ப் பக்கமாக வெல்டிங் வைத்தேன். ஒரே மூச்சில் சுற்றினால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். உள்ளே இருக்கும் ஆயில் சீலை முதலிலேயே கழற்றியிருந்தேன், இல்லாவிட்டால் வெந்துபோயிருக்கும்.

ஸ்டீயரிங் இணைப்பையும் அதே சூட்டில் மாற்றினேன். பழைய ஆக்ஸிலோடு வந்த டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸையும் நக்கிளையும் இணைக்கும் கம்பி) முன்னும் பின்னும் தள்ளும் வகை, ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பும். ஐ.எஃப்.எஸ் ஸ்டீயரிங் பாக்ஸின் பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து நீளும் கை) இடம் வலமாக ஆடுவது, ஆகவே அதை அப்படியே வைத்துக்கொண்டு டிராக் லிங்க்கைக் குறுக்கே எதிர்ப்பக்க நக்கிளுக்கு, முடிந்த மட்டும் தரைக்கு மட்டமாக, கொண்டுபோனேன். நீளமாகவும் மட்டமாகவும் இருந்தால் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது அதன் நுனி பக்கவாட்டில் அதிகம் நகராது.

பிரேக் ஹோஸைச் சும்மா நீளமாக வாங்கினால் போதாது. ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள், என்னுடையது வலது கோடியில் வீணைத் தந்தி போல நின்றது. ஒரு சக்கரத்தை ஜாக்கியில் கடைசி வரை தூக்கி, டை ராடு ஆயில் பேனைத் தொடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதற்கு அனுமதி வேண்டுமா, இன்சூரன்ஸ் என்ன சொல்லும் என்பதையெல்லாம் கிரைண்டரை எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.பி.எஸ் உள்ள வண்டியானால் சக்கர சென்சாருக்கும் ஒரு வழி யோசித்தாக வேண்டும்.

இப்போது காஸ்டர் ஆறு டிகிரி. தொண்ணூறில் அதே மேட்டின் மேல் வேண்டுமென்றே நான்கு முறை ஏற்றிப் பார்த்தேன், ஸ்டீயரிங் சும்மா இருந்தது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்கோடு ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் யூ போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சில் பார்த்தபோது எட்டு நட்டில் மூன்று மட்டும் தலா கால் சுற்று உள்ளே போயின. இடது நக்கிளில் மட்டும் கிரீஸ் லேசாகக் கசிகிறது, அந்தத் துடைப்பு சீலை அடுத்த ஞாயிறு திறந்து பார்க்க வேண்டும்.