நமக்கு ஒரு சட்டம், ஆலைக்கு ஒரு சட்டம்

"அண்ணா, ஆலைக்காரங்கட மெசின்ல எக்ஸ்குளூஷன் போடச் சொல்லி நாமதானே எழுதிக் குடுக்கிறம். நம்மட மெசின்ல மட்டும் ஏன் கூடாது?"

கேட்டது தங்கச்சி. நெல் ஆலைகளின் தராசு நிறையை வாசித்துத் துண்டு அடிக்கும் செயலியை நானும் அவளும் எழுதிக் கொடுக்கிறோம். எக்ஸ்குளூஷன் என்றால் விலக்கு, இதைச் சோதிக்காதே என்று அன்டிவைரஸுக்குச் சொல்லி வைப்பது. அன்று நான் சொன்ன பதில் தொழில்நுட்ப ரீதியாகச் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவள் கேட்டது வேறு, நான் பதில் சொன்னது வேறு என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

பேச்சுத் தொடங்கியது பில்ட், அதாவது எழுதிய கோடைச் செயலியாகக் கட்டுவது, அதிக நேரம் இழுக்கிறதே என்பதில். சோர்ஸ் கோட் இருக்கிற போல்டர் முழுவதையும் வின்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று தங்கச்சி கேட்டாள். வேண்டாம் என்றேன். "முதல்ல அளந்து பார். எது இழுக்குது எண்டு தெரியாம கதவைத் திறந்து விடாத."

அளப்பதற்கு வெளியில் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, டிஃபெண்டரின் பெர்போமன்ஸ் ரெக்கோர்டிங் கட்டளையை ஓட விட்டு, ஒரு முழு பில்டை ஓட்டி, என்டரை அழுத்தி நிறுத்தினால் ஈடிஎல் என்ற பதிவுக் கோப்பு ஒன்று கிடைக்கும். அதை ரிப்போர்ட் கட்டளையிடம் கொடுத்து முதல் 10 கோப்புகள், முதல் 10 எக்ஸ்டென்ஷன்கள், முதல் 10 புரோசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள்) என்று கேட்டால், ஸ்கேன் நேரத்தை எது தின்றது என்று வரிசையாகக் காட்டும். ஒருமுறை பார்த்து மாறாமல் இருக்கும் கோப்பை டிஃபெண்டர் மறுபடி மறுபடி பார்ப்பதில்லை. அதனால் இரண்டாவது பில்டை மட்டும் அளந்தால் படம் பிழையாக வரும். சுத்தமாக அழித்துவிட்டு ஓட்டும் பில்ட் ஒன்று, ஒரு வரி மாற்றிவிட்டு ஓட்டும் பில்ட் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

பெரும்பாலும் இரண்டு குற்றவாளிகள்தான் அகப்படுவார்கள். ஒன்று, என்பிஎம் இன்ஸ்டோல், அதாவது மற்றவர்கள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை இறக்கி நிறுவும் கட்டளை. அது இறக்குகிற நோட் மொடியூல்ஸ் போல்டரில் பல்லாயிரம் சின்னக் கோப்புகள் இருக்கும். நேரத்தைத் தின்பது அவற்றின் பருமன் இல்லை, எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் திறக்கும்போது டிஃபெண்டரின் வடிகட்டி டிரைவர் குறுக்கே நிற்கிறது. மற்றது, மைக்ரோசொப்டின் டொட் நெட்டில் எழுதிய செயலியின் பில்டில் ஒப்ஜ், பின் போல்டர்களுக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் டிஎல்எல் என்ற நூலகக் கோப்புகள். புதியவை என்பதால் பழைய ஸ்கேன் முடிவு எதுவும் அவற்றுக்கு உதவாது.

இதற்கு மைக்ரோசொப்ட் 2023இல் வின்டோஸ் 11க்குக் கொண்டுவந்த டெவ் டிரைவ் என்ற, டெவலப்பர் வேலைக்கான தனி டிரைவ்தான் நான் கைகாட்டிய வழி. குறைந்தது 50 ஜிபி இடம் வேண்டும். ரீஎப்எஸ் என்ற கோப்பு முறையில் புதிதாகத்தான் உருவாக்க முடியும், இருக்கிற வழமையான என்டிஎப்எஸ் டிரைவை அப்படியே மாற்ற முடியாது. டிஸ்கில் வெற்றிடம் இல்லாவிட்டால் விஎச்டி என்ற மெய்நிகர் டிஸ்க் கோப்பாகவும் செய்யலாம். நம்பகமான டெவ் டிரைவ் என்று குறிக்கப்பட்டால், டிஃபெண்டர் அங்கே பெர்போமன்ஸ் மோடில் ஓடும். அதாவது கோப்பைத் திறக்க உடனே விட்டுவிட்டு, ஸ்கேனைச் சற்றுப் பிந்திச் செய்யும். விலக்கில் போட்டால் ஸ்கேனே இல்லை. இங்கே ஸ்கேன் நடக்கிறது, பிந்தித்தான் நடக்கிறது. சோர்ஸை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு வேகம் வரவில்லை என்று சொல்லக் கூடாது. என்பிஎம், நியூகெட் (டொட் நெட்டுக்குப் பொதி இறக்குவது) ஆகியவற்றின் கேஷ் போல்டர்களையும் என்வயரன்மென்ட் வேரியபிள் மூலம் அங்கே நகர்த்த வேண்டும். வின்டோஸையும் மற்றச் செயலிகளையும் அதில் நிறுவக் கூடாது.

அவளுக்கு அதுவும் போதவில்லை. "அப்ப நோட் புரோசஸை மட்டும் விலக்கில போடட்டா?" என்றாள். நோட் என்பது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் செயலி. பார்க்கச் சின்ன விலக்குப் போலத் தெரியும், உண்மையில் அதுதான் பெரியது. ஒரு புரோசஸை விலக்கினால் அது திறக்கும் கோப்புகள் எந்த டிரைவில் இருந்தாலும் நிகழ்நேர ஸ்கேனுக்குத் தப்பும். என்பிஎம் பொதிகளின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் ஓடுவது அதே நோட் வழியாகத்தான். 2021 ஒக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் என்ற பிரபலமான பொதியை எழுதியவரின் கணக்கைக் கைப்பற்றி, 0.7.29, 0.8.0, 1.0.0 என்று மூன்று நச்சுப் பதிப்புகளை வெளியிட்டார்கள். நிறுவிய நொடியில் ஸ்கிரிப்ட் ஓடி, அடுத்தவர் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனரை இறக்கியது. வின்டோஸ் என்றால் கடவுச்சொல் திருடியும் சேர்ந்து வந்தது. சம்பந்தப்பட்டவர் எந்தக் கோப்பையும் திறந்து பார்த்திருக்கத் தேவையில்லை, இன்ஸ்டோல் கொடுத்திருந்தாலே போதும்.

இதற்கும் முன்னால், 2009இல் இன்டக் என்றொரு வைரஸ் வந்தது. டெல்பி என்ற நிரலாக்கக் கருவி நிறுவியிருந்த கணினிகளைத் தேடி, அதன் சிஸ்கொன்ஸ்ட் என்ற நூலகக் கோப்பை மாற்றி வைத்தது. அதன்பிறகு அந்தக் கணினியில் கொம்பைல் ஆன ஒவ்வொரு செயலியும் வைரஸைச் சுமந்துகொண்டே பிறந்தது. எழுதியவர்களின் சோர்ஸில் ஒரு வரி பிழையில்லை. டெவலப்பர் தன் கணினிக்கு அன்டிவைரஸ் தெரிவு செய்யும்போது தன்னை மட்டும் காப்பாற்றப் பார்க்கவில்லை, தான் கட்டிக் கொடுக்கும் எக்ஸி (செயலிக் கோப்பு) போய்ச்சேரும் எல்லா மேசையையும் சேர்த்துத்தான் பார்க்கிறார். இதைத்தான் அவளுக்குச் சொன்னேன். நம்முடைய இயந்திரம் கெட்டால் கேடு பெருகும், ஆலையின் இயந்திரம் கெட்டால் அங்கேயே நிற்கும்.

"அப்ப அவங்கட மெசின் கெட்டாப் பரவாயில்லையா?"

இதற்குத்தான் என்னிடம் பதில் இல்லாமல் போனது.

ஆலைப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெரும்போக அறுவடை நேரம் கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் நெல் ஏற்றிய லொறிகள் தராசுக்கு வரிசையில் நிற்கும். தராசின் டிஸ்பிளேயிலிருந்து சீரியல் போர்ட் வழியாக நிறையை வாசித்துத் துண்டு அடிக்கும் செயலியை, அன்டிவைரஸுக்கு இரவோடு இரவாக வந்த புதிய வரையறைக் கோப்பு (வைரஸ்களை அடையாளம் காட்டும் பட்டியல்) தூக்கிக் குவாரன்டைனில், ஓட முடியாமல் பூட்டி, போட்டுவிடும். பாதுகாப்பு வரலாற்றில் போய்ப் பார்த்தால் ட்ரோஜன், வக்காடக் என்று பெயர் எழுதியிருக்கும். பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறி போட்டு எம்எல் என்று முடிந்தால், குறிப்பிட்ட வைரஸின் கையொப்பம் அகப்படவில்லை, மெஷின் லேர்னிங் மொடல் ஒன்று சந்தேகப்பட்டது என்று பொருள். லொறிச் சாரதிக்கு இந்த விளக்கம் எதற்கு? அவருக்கு நிறை வேண்டும். அந்த நேரத்தில் தொலைபேசியில் சொல்லக்கூடிய மிகக் குறுகிய வழி, போல்டரை விலக்கில் போடுங்கள் என்பதுதான். அதைத்தான் நிறுவல் தாளிலும் ஒரு படியாக அடித்துக் கொடுத்து வந்தோம்.

ஆனால் மொடல் ஏன் சந்தேகப்பட்டது என்று பார்த்தால் விஷயம் எங்கள் பக்கம் திரும்புகிறது. பைதன் செயலியை பைஇன்ஸ்டோலர் என்ற கருவியில் ஒற்றைக் கோப்பாகக் கட்டினால், அது ஓடும்போது தன்னைத் தானே டெம்ப் போல்டருக்குள் பிரித்துப்போட்டு அங்கிருந்து ஓடும். மல்வெயார் செய்வதும் அப்படித்தான். யுபிஎக்ஸ் என்ற சுருக்கியைப் போட்டுச் சுருக்கினால் சந்தேகம் இன்னும் கூடும். யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லை, நிறுவனப் பெயரோ பதிப்பு எண்ணோ கோப்புக்குள் இல்லை, உலகத்தில் நாலைந்து கணினிகளில் மட்டும் இருக்கும் கோப்பு. இத்தனையும் சேர்ந்தால் எந்த மொடலும் கையை உயர்த்தும்.

ஆகவே வேலை எங்களிடம் தொடங்க வேண்டும். ஒற்றைக் கோப்பை விட்டுவிட்டுப் போல்டராகக் கட்டுவது. யுபிஎக்ஸை நிறுத்துவது. பதிப்பு விவரங்களை எக்ஸிக்குள் எழுதுவது. ஒவ்வொரு வெளியீட்டையும் ஆலைக்கு அனுப்பும் முன் மைக்ரோசொப்டின் மாதிரிச் சமர்ப்பிப்புப் பக்கத்தில், மென்பொருள் தயாரிப்பாளர் என்ற வகையில் கொடுத்துப் பரிசோதிக்கக் கேட்பது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கையொப்பம். சான்றிதழுக்கு ஆண்டுக்குச் சில நூறு டொலர் போகும். 2023 ஜூனில் இருந்து அதன் தனிச்சாவியை (கையொப்பமிடும் இரகசியக் குறியீட்டை) வன்பொருள் டோக்கனிலோ அதற்கு ஈடான பாதுகாப்புள்ள இடத்திலோதான் வைத்திருக்க முடியும். கையொப்பமிடும்போது நேர முத்திரையையும் சேர்க்க மறக்கக் கூடாது. முத்திரை இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய வெளியீடுகளின் கையொப்பமும் செல்லாமல் போகும். பல அன்டிவைரஸ்களின் முடிவை ஒன்றாகக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்ப்பதென்றால் ஹேஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டை, மட்டும் தேடுவது நல்லது. ஏற்றிய கோப்பு மற்ற நிறுவனங்களோடு பகிரப்படும், உள்ளே வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

விலக்கு தவிர்க்க முடியாதது என்றாலும் அதை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். எங்கள் செயலி சி டிரைவின் வேரில் தனிப் போல்டராக நிறுவப்பட்டு வந்தது, டேட்டாபேஸும் எக்ஸிக்குப் பக்கத்திலேயே. அப்படி வேரில் உருவாகும் போல்டரில் கணினிக்குள் நுழைந்த எந்தப் பயனரும் கோப்பை மாற்றலாம், புதிதாக வைக்கலாம். அதையே விலக்கிலும் போட்டால், பென் டிரைவில் வந்த எதுவும் குடியிருக்கத் தோதான இடம் தயார். எக்ஸியை புரோகிராம் பைல்ஸுக்குள் வைத்தால் சாதாரணப் பயனர் அங்கே எழுத முடியாது. டேட்டாவை புரோகிராம் டேட்டாவுக்குள் வைத்து, தேவையான எழுதும் உரிமையை எங்கள் இன்ஸ்டோலரே கொடுக்க வேண்டும். அதன்பிறகு விலக்கு, முழுப் பாதையோடு அந்த ஒரு எக்ஸிக்கு மட்டும். மைக்ரோசொப்ட் பரிசோதித்து, வைரஸ் என்ற தவறான கணிப்பை நீக்கியதும் விலக்கையும் நீக்கிவிட வேண்டும். டிஃபெண்டரில் இதெல்லாம் முடியும்.

இவ்வளவும் செய்தால் போதுமா? 2023 மார்ச்சில் திரீசிஎக்ஸ் என்ற தொலைபேசி மென்பொருளுக்கு நடந்ததை நினைத்தால் துணிந்து ஆம் என்று சொல்ல முடியவில்லை. முறைப்படி கையொப்பமிட்ட, தயாரிப்பாளரே அனுப்பிய அப்டேட். சில வாடிக்கையாளர்களின் பாதுகாப்பு மென்பொருள் அதைப் பிடித்தது. பொய் அபாயமணி என்று பலர் எண்ணினார்கள், சிலர் விலக்கிலும் போடப் பார்த்தார்கள். உண்மையில் உள்ளே இருந்த டிஎல்எல் கெடுக்கப்பட்டிருந்தது. தாக்கியவர்கள் நுழைந்த வழி, ஊழியர் ஒருவர் தன் சொந்தக் கணினியில் நிறுவிய வேறொரு நச்சு மென்பொருள் என்று பிறகு மண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் விசாரணையில் தெரிந்தது. எங்கள் செயலியை ஆலையின் அன்டிவைரஸ் பிடிக்கும் அடுத்த தடவை, அது பொய்மணிதான் என்று எதை வைத்துச் சொல்லப் போகிறோம்? குறைந்தபட்சம், வெளியிட்ட அன்று குறித்து வைத்த ஹேஷும் ஆலையில் இருக்கும் கோப்பின் ஹேஷும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். பில்ட் செய்த இடமே கெட்டிருந்தால் அந்த ஒப்பீடும் உதவாது.

அளப்பதில் எனக்குள்ள பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2024இல் லினக்ஸில் பயன்படும் எக்ஸ்செட் என்ற சுருக்க நூலகத்துக்குள் ஒளித்த பின்கதவைக் கண்டுபிடித்தது எந்த அன்டிவைரஸும் இல்லை. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு ஏறக்குறைய அரை வினாடி பிந்துகிறதே என்று தேடிப் போன அன்ட்ரெஸ் பிராயின்ட் என்ற பொறியியலாளர்தான். வேகம் குறைந்தால் உடனே பாதுகாப்பை அணைப்பவருக்கு அந்த அரை வினாடி கண்ணில் பட்டிருக்காது.

காசு கொடுத்து வேறு அன்டிவைரஸ் வாங்கலாமா என்றும் அவள் கேட்டாள். வாங்கலாம். அன்டிவைரஸ்களைச் சோதித்து ஒப்பிடும் ஏவி-டெஸ்ட், ஏவி-கொம்பரட்டிவ்ஸ் முடிவுகளைப் பார்ப்பதோடு நிற்கக் கூடாது, அவை வீட்டு, அலுவலகக் கணினிகளை மனதில் வைத்தவை. டெவலப்பர் பார்க்க வேண்டியது வேறு. எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியிட்ட இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதி இருந்தால், அது தன் சொந்த ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையான மூலச் சான்றிதழை) வின்டோஸில் நிறுவும். நோட் வழமையாகத் தன்னோடு வரும் சான்றிதழ்ப் பட்டியலைத்தான் நம்பும் என்பதால், என்பிஎம் சான்றிதழ்ச் சங்கிலி பிழை என்று நின்றுவிடும். பலர் அப்போது சான்றிதழைச் சரிபார்க்கும் ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல் என்ற என்பிஎம் அமைப்பை அணைத்து வேலையை முடிக்கிறார்கள். பாதுகாப்புக்கு வாங்கிய பொருளே பொதிகளின் சான்றிதழ் சோதனையை இல்லாமல் செய்துவிடுகிறது. அந்த ரூட் சான்றிதழை நோட்டுக்குத் தனியே அறிமுகப்படுத்துவதுதான் முறை, அல்லது அந்த ஸ்கேனை மட்டும் நிறுத்துவது. இன்னொன்று, வேறு அன்டிவைரஸ் நிறுவியதும் டிஃபெண்டரின் நிகழ்நேரக் காவல் தானாக ஒதுங்கும். அதோடு டெவ் டிரைவின் பெர்போமன்ஸ் மோடும் போய்விடும், அது டிஃபெண்டரின் வசதி.

இப்போது எங்களிடம் உள்ள ஒழுங்கு இது. எழுதும் இயந்திரங்களில் டெவ் டிரைவ், போல்டர் விலக்கும் இல்லை, புரோசஸ் விலக்கும் இல்லை. வெளியீட்டை வேறொரு இயந்திரத்தில் கட்டுகிறோம். அதில் மின்னஞ்சல் திறப்பதில்லை, பென் டிரைவ் குத்துவதில்லை. பில்ட் எவ்வளவு இழுத்தாலும் இழுக்கட்டும். ஆலைகளுக்கான தாளில் போல்டர் என்பது எக்ஸி என்று மாறியிருக்கிறது. வேறு நிறுவனங்களின் அன்டிவைரஸ் ஓடும் இடங்களில் அந்தந்த நிறுவனத்துக்குத் தனித்தனியே மாதிரி அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், அறுவடை காத்திருக்காது. அங்கே என்ன எழுதிக் கொடுப்பது என்று நானும் தங்கச்சியும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கையொப்பச் சான்றிதழின் செலவை வருடப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்க்க வேண்டும் என்கிறாள். ஆலைக்காரர் தன் காசில் எங்கள் எக்ஸியின் நம்பகத்துக்கு ஏன் கட்ட வேண்டும் என்பது என் பக்கம்.