புதன்கிழமை எட்டு மணிக் குரலைத் தேடி கொழும்புக்கு

கட்டுநாயக்கவில் இறங்கியதும், எக்ஸ்பிரஸ்வே வேண்டாம், பழைய நீர்கொழும்பு ரோட்டிலேயே போகலாம் என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார். ஜா-எல சந்தி நெரிசலில் வண்டி நின்றபோது எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் அங்கிருந்து பிரியும் சாலையில்தான் ஏக்கல இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறங்கிய தென்கிழக்கு ஆசியப் படையினருக்காகப் பிரிட்டிஷார் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் நின்ற ஊர். போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்து, ரேடியோ சிலோனின் தொண்டையானது. எழுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் ஒற்றை அறை வீட்டு மர்ஃபி ரேடியோவுக்குப் புதன்கிழமை இரவு 8 மணிக்கு இந்தி அறிவிப்பாளர் அமீன் சயானி வந்து சேர்ந்தது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

அவர் 2024 பிப்ரவரி 20 அன்று மும்பையில் காலமானார். வயது 91. செய்தியைப் பார்த்ததும் அப்பாவிடம் சொல்லத் தோன்றியது. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மூன்று வாரம் கழித்துக் கொழும்பில் ஒரு வேலை வந்தது. ஒருநாள் கூடுதலாகத் தங்கிக்கொண்டேன்.

அப்பா பம்பாய்க்கு வந்தபோது அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆபீஸில் கற்றது பாதி, சயானி இந்தி சினிமாப் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்லும் பினாகா கீத்மாலாவில் கற்றது மீதி. எந்தப் பாட்டு எந்தப் படியில் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார். டிசம்பரில் ஆண்டின் முதல் பாட்டைச் சொல்வதற்குள் மாடி வீட்டு மராத்திக்காரரோடு இரண்டு முறையாவது பந்தயம் கட்டியிருப்பார். எங்களுக்கு எப்படி அந்த இந்தி புரிந்தது என்று பெரியவனான பிறகுதான் தெரிந்தது. சயானியின் தாயார் குல்சூம், காந்தியின் சொல்லை ஏற்று ‘ரெஹ்பர்’ என்று ஒரு பத்திரிகை நடத்தியவர். எழுதப் படிக்கப் பழகும் பெரியவர்களுக்காக, ஒரே எளிய மொழியை நாகரி, உருது, குஜராத்தி என்று மூன்று எழுத்திலும் அச்சிட்டார்கள். பையன் அதில் கூடமாட வேலை செய்து வளர்ந்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் அளவோடு இருந்த பேச்சு அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

“பெஹனோ அவுர் பாயியோ” என்று ஆரம்பிப்பார். சகோதரிகள் முதலில். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது அந்த ஒரு வரிக்குத்தான்.

சுதந்திர சதுக்கத்துக்கு த்ரீவீலரில் போனேன். டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். கண்டி அரண்மனை மண்டபத்தின் சாயலில் கட்டிய நினைவு மண்டபத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், ரேடியோ சிலோனின் இன்றைய பெயர். உள்ளே போக நான் முன்கூட்டி அனுமதி எதுவும் கேட்டிருக்கவில்லை. எதிரே மர நிழலில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

பார்க்க என்ன இருக்கிறது? அமீன் சயானி புதன்கிழமைகளில் இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து பேசவில்லை. 1952இல் இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு ஒலிபரப்புத் துறை அமைச்சர் கேஸ்கர் கடிவாளம் போட, அந்த இடைவெளியில் அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கியது கீத்மாலா. நிகழ்ச்சியைப் பம்பாயில் ஒலிநாடாவில் பதிவு செய்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரில் பேசிய குரல் கடல் தாண்டிப் போய், ஏக்கலவில் ஏறி, மறுபடி எங்கள் ஊருக்கே வந்து இறங்கும்! அப்பாவோ, “ஒருதரம் கொழும்புக்குப் போகணும்டா, அந்த மனுஷனைப் பார்த்துட்டு வரணும்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் பம்பாயிலேயே, சர்ச்கேட் லோக்கல் ரயிலில் அப்பாவுக்கு எதிர் சீட்டில்கூட உட்கார்ந்திருக்கலாம். உண்மை தெரிந்த பிறகும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஏனோ மனசு வரவில்லை.

“ஆரைத் தேடுறீங்கள்?” என்றார் டிரைவர். சொன்னேன். அமீன் சயானி என்ற பெயரையே அவர் கேட்டதில்லை. “எங்களுக்கு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத். அந்த நேரம் வேற ஆரைத் தெரியும்?” இரண்டு பேரும் அதே வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள். ஒரே நிலையம், ஒரே காலம். திருநெல்வேலி ஆச்சி வீட்டுக்கு லீவுக்குப் போனால் மாமா பையன்களும் ராஜா ராஜா என்றுதான் உயிரை விடுவார்கள். அமீன் சயானி என்றால் விழிப்பார்கள். அந்த ராஜாவை 1989இல் இந்தக் கொழும்பில்தான் கொன்றார்கள். டிரைவரும் அதைச் சொல்லிவிட்டு, கொஞ்சநேரம் கூட்டுத்தாபனத்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் போனில் ஒரு பழைய கீத்மாலா துண்டைப் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமல், தலையைச் சாய்த்து, முழுசாகக் கேட்டார்.

“குரல் நல்ல குரல்தான்,” என்று வண்டியைக் கிளப்பினார். “ஆனா சரியான ஆறுதலா, மெள்ள மெள்ளக் கதைக்கிறார். எங்கட ராஜா எண்டா இந்த நேரத்துக்கு ரெண்டு பாட்டுப் போட்டு முடிச்சிருப்பார்.”