டோக்கியோ டிஸ்னிசீயில் அக்காவும் நானும்

எங்கள் குடும்பத்தில் தீம் பார்க் என்றாலே அக்காவுக்கு ஒரே வேலைதான். பைகளைப் பார்த்துக்கொள்வது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது தாம்பரம் கிஷ்கிந்தாவில் தொடங்கிய வழக்கம், போன இடத்திலெல்லாம் தொடர்ந்தது. ஈரத் துண்டு, மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், நான்கைந்து ஜோடிச் செருப்பு எல்லாவற்றையும் சுற்றிலும் பரப்பிக்கொண்டு, ஏதாவது ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். “நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்பாள். இருபது வருடத்தில் அவள் ஒரு சவாரியிலும் ஏறியதில்லை. யாரும் அவளைக் கூப்பிட்டதுமில்லை, நான் உட்பட.

இந்த ஜனவரியில் நாங்கள் இருவர் மட்டும் ஜப்பான் போனோம். அவளுக்கு 56, எனக்கு 49. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். பத்து நாள் பயணத்தில் ஒரு முழு நாளை டோக்கியோ டிஸ்னிசீக்கு ஒதுக்கினேன். அன்று அவள் எந்த பெஞ்சிலும் பை காக்கக் கூடாது. என் திட்டம் முழுக்க இந்த ஒன்றைச் சுற்றித்தான் போடப்பட்டது.

டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983இல் திறந்தது. அதை ஒட்டிக் கடலோரமாகவே 2001 செப்டம்பர் 4இல் திறந்தது டிஸ்னிசீ. இரண்டும் டோக்கியோ நகருக்குள் இல்லை; பக்கத்து மாவட்டமான சிபாவில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் இருக்கின்றன. டிஸ்னியிடம் உரிமம் பெற்று நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். கடலையும் கடற்பயணங்களையும் வைத்துக் கட்டிய இந்தப் பூங்காவைப் பெரியவர்களையும் மனத்தில் வைத்தே வடிவமைத்தார்கள் என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிகிறது. நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களும், மது பரிமாறும் கூடங்களும் தொடக்கத்திலிருந்தே உண்டு. பிள்ளைகள் இல்லாமல் வந்த நடுத்தர வயதுத் தம்பதிகளையும் தோழிகளையும் அன்று ஏராளமாகப் பார்த்தேன்.

நாள் குறிப்பதில்தான் பாதி வெற்றி. ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் வரும் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் நாட்கள், மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வரும் மார்ச் ஆகிய மூன்றையும் தவிர்த்தேன். ஜனவரி இரண்டாம் திங்கள் பொது விடுமுறை என்பதால் அந்த வாரத்தையும் விட்டு, அடுத்த வாரத்தில் ஒரு புதன்கிழமையைப் பிடித்தேன். டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை இருந்தது. குளிர்காலத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பராமரிப்புக்காகச் சவாரிகளை வாரக்கணக்கில் மூடுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். அந்த அட்டவணை அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது.

பிறகு, பட்டியலை வெட்டினேன். முப்பது சவாரிகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சொல்லும் திட்டங்களை நான் நம்புவதில்லை. ஆளுக்கு இரண்டு, சேர்ந்து ஒன்று என்று ஐந்து மட்டும். அக்கா கேட்டவை ‘சோரிங்’ என்னும் பறக்கும் சவாரியும், சிந்துபாத்தின் படகும். நான் கேட்டவை எரிமலைக்குள் போகும் சவாரியும், ‘ஃப்ரோசன்’ படத்தின் அன்னா–எல்சா படகுச் சவாரியும். சேர்ந்து எடுத்தது ‘டவர் ஆஃப் டெரர்’ என்னும், உச்சியிலிருந்து கீழே விழும் லிஃப்ட் சவாரி. அது அவளாகவே சொன்னது. மற்றவை கிடைத்தால் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் வருத்தமில்லை என்று விமானத்திலேயே பேசிவைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சவாரியிலும் யார் யார் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கையையும் வீட்டிலேயே படித்தோம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும்தான், இதயமும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்தன.

காலை 7 மணிக்குக் கிளம்பினோம். டோக்கியோ நிலையத்தில் கேயோ பாதையின் நடைமேடை மற்ற பாதைகளிலிருந்து மிகத் தள்ளி, நிலத்துக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. அந்த நடைக்கே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மாய்ஹாமா நிலையத்தில் இறங்கினால் மோனோரயில். அது ஒரே திசையில்தான் சுற்றுகிறது. போகும்போது டிஸ்னிசீ மூன்றாவது நிறுத்தம், திரும்பும்போது அடுத்த நிறுத்தமே மாய்ஹாமா. பெட்டியின் சன்னலும் பிடித்துக்கொள்ளும் வளையமும் மிக்கி தலையின் வடிவத்தில் இருந்தன. அக்கா அந்த வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

பெரிய பையை நுழைவாயிலுக்கு வெளியே நாணய லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். ஆளுக்கொரு சிறு தோள்பை மட்டும். அறிவித்த திறப்பு நேரம் 9 மணி. ஆனால் கூட்டத்தைப் பார்த்து முன்னதாகவே திறந்துவிடுவார்கள், அதனால் 8 மணிக்கெல்லாம் வரிசையில் நின்றோம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் நள்ளிரவிலிருந்து நின்று பழகிய எங்களுக்கு அந்த வரிசையின் அமைதிதான் ஆச்சரியம். ஆயிரக்கணக்கானவர்கள், ஒரு தள்ளுமுள்ளு இல்லை. தரையில் சிறு விரிப்பைப் போட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கடற்காற்று எலும்பைத் துளைத்தது. மருந்துக்கடையில் வாங்கிய கைரோ என்னும் சூட்டுப் பொட்டலத்தை அக்கா முழங்காலுக்கு மேல் உடையில் ஒட்டிக்கொண்டாள். குளிர்காலத்தில் இதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

வாயிலைத் தாண்டியதும் ஓடக் கூடாது, ஓரமாக நின்று கைபேசியைத் திறக்க வேண்டும். பூங்காவின் செயலியை ஊரிலேயே இறக்கி, இருவருடைய டிக்கெட்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவைத்திருந்தேன். அதிகக் கூட்டம் வரும் சவாரிகளுக்குப் பணம் கட்டி நேரம் வாங்கலாம். அதை உள்ளே நுழைந்த பிறகுதான் வாங்க முடியும். ஒன்று வாங்கினால் அடுத்ததற்குச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். 2024 ஜூன் 6இல் திறந்த ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் பகுதியில் இருக்கும் அன்னா–எல்சா சவாரிக்கு ஆளுக்கு 2,000 யென் கட்டி, 11.20க்கு நேரம் எடுத்தேன். அந்த ஒரு செலவு எங்கள் நாளைக் காப்பாற்றியது என்பேன். பெரியவர்கள் போகும்போது கூட்டம் மொய்க்கும் ஒரு சவாரிக்காவது பணம் கட்டிவிடுங்கள். மற்றவற்றுக்கு வரிசை போதும்.

நேராகச் சோரிங். நாற்பது நிமிடக் காத்திருப்பு. இருக்கை முன்னோக்கி எழும்பி, கால்கள் அந்தரத்தில் தொங்க, பெரிய வளைந்த திரைக்கு முன்னால் உலகத்தின் மேல் பறக்கிறோம். காற்று முகத்தில் அடிக்கிறது, வாசனை வருகிறது. ஐந்து நிமிடம்தான். இறங்கியதும் அக்கா ஒன்றும் பேசவில்லை. சிறிது தூரம் நடந்த பிறகு, “பிள்ளைகள் இதைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்தார்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

எரிமலைச் சவாரி அடுத்தது. பூங்காவின் நடுவில் 51 மீட்டர் உயரத்தில் நிற்கிறது புரொமீதியஸ் மலை. அவ்வப்போது உறுமி நெருப்பைக் கக்கும். அதன் வயிற்றுக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி, கடைசியில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாயும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த தடம் அரை மணி நேரம் மறையவில்லை.

உள்ளே வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக அனுமதியில்லை. வெளியே அதற்கென்று இடம் இருக்கிறது. அக்கா சைவம். ஊரிலிருந்து ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டுவந்திருந்தாள். விடுதிக்குக் கீழே இருந்த கடையில் சூடாக்கித் தரும் சோற்றை வாங்கி, அதில் பிசைந்து, நல்லெண்ணெய் மினுமினுக்க டப்பாவில் அடைத்து லாக்கர் பையில் வைத்திருந்தோம். அன்னா–எல்சா சவாரியை முடித்துக்கொண்டு கிளம்பிய புதுப் பகுதியிலிருந்து வாயில் வெகுதூரம். முழங்காலை நம்பி நடக்காமல், பக்கத்துப் பகுதியான லாஸ்ட் ரிவர் டெல்டாவில் நீராவிப் படகில் ஏறினோம். தனிக் கட்டணம் இல்லை. பூங்காவை வளைத்துச் சுற்றி, வாயிலை ஒட்டிய மெடிட்டரேனியன் துறைமுகத்தில் இறக்கிவிடும். அதை நான் சவாரியாக எண்ணவே இல்லை, வண்டியாகத்தான் எண்ணினேன். வலியுள்ள கால்களோடு வருகிறவர்கள் அப்படியே எண்ணுங்கள். மறுபடி உள்ளே வர ஏற்பாடு செய்துகொண்டு வெளியே வந்து, கடற்காற்றில் ஆறிப்போன புளியோதரையைச் சாப்பிட்டோம். சோறு ஜப்பானிய அரிசி என்பதால் ஒட்டிக்கொண்டது, ஆனால் நிலக்கடலை மொறுமொறுப்புக் குறையவில்லை. முக்கால் மணி நேரம் போனது. அந்த நேரத்தில் இன்னொரு சவாரி போயிருக்கலாம் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

பிற்பகல் முழுவதும் அரேபியக் கரை என்னும் பகுதியில்தான். ‘கர்ரி’ மசாலா வாசனையுள்ள பாப்கார்ன் அங்கே விற்றார்கள். சிந்துபாத் சவாரியில் வரிசையே இல்லை, ஐந்து நிமிடத்தில் படகில் இருந்தோம். தினத்தந்தி படக்கதையில் தினந்தினம் தேடிப் படித்த அதே சிந்துபாத், இங்கே ஒரு புலிக்குட்டியோடு கப்பலேறுகிறார். பத்து நிமிடம் இருட்டில் மிதந்துபோகும் படகு. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான பொம்மைகள், ஒவ்வொன்றும் கண்ணிமைத்து, கை ஆட்டி, ஜப்பானிய மொழியில் பாடுகின்றன. இசை ஆலன் மென்கென். சிறைப்பட்ட ராட்சதனைச் சிந்துபாத் விடுவிக்கிறார். அவன் முகத்துக்குக் கீழே எங்கள் படகு ஊர்ந்தபோது அக்கா அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவதைப் போலக் கையைத் தூக்கினாள். வெளியே வந்ததும், “இன்னொரு தடவை போகலாமா?” என்றாள். போனோம். மூன்றாவது தடவையும் போனோம். வரிசையே இல்லாத இந்தச் சவாரியை நான் முதலில் வைப்பேன்.

ஜனவரியில் 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மின்சார ரயிலில் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போய், எஸ்.எஸ். கொலம்பியா கப்பலின் மேல்தளத்தில் நின்று விளக்குகள் ஏற்றப்படுவதைப் பார்த்தோம். பிறகு டவர் ஆஃப் டெரர். பேச்செல்லாம் ஜப்பானிய மொழி என்பதால் கதையை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. உலகெங்கும் சிலைகளை அள்ளிவந்த ஹைடவர் என்னும் ஓட்டல் முதலாளி, 1899ஆம் ஆண்டின் கடைசி இரவில், அப்படி அள்ளிவந்த ஒரு சிலையோடு லிஃப்டில் ஏறி, அதன் கோபத்தால் காணாமல் போகிறார். நாங்கள் ஏறுவது அதே ஓட்டலின் இன்னொரு லிஃப்டில். ஐம்பொன் சிலைகள் களவுபோன ஊர்க்காரர்களுக்கு அந்தச் சிலையின் கோபம் சட்டென்று புரியும். உச்சியில் சன்னல் திறந்து, துறைமுகம் முழுவதும் ஒரு நொடி தெரிந்து, தரை கழன்றுபோனது. அக்கா “முருகா” என்று கத்தினாள். பக்கத்து வரிசையிலிருந்த ஜப்பானியப் பெண்கள் வெளியே வந்து அவளிடம் தலை குனிந்து சிரித்தார்கள். அவளும் குனிந்தாள்.

இரவுக் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுக விளிம்பில் இடம் பிடித்தோம். முன்வரிசையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், அதற்காக நூறு யென் கடையில் வாங்கிய விரிப்பு. கடைகளுக்கு அதற்கு முன்பே போய்விட்டோம். காட்சி முடிந்தபின் அங்கே கால் வைக்க இடமிருக்காது. காற்று பலமாக இருந்தால் வாணவேடிக்கையை விட்டுவிடுவார்கள். அன்று அடங்கியிருந்தது. நீரின் மேல் ஒளியும், எதிரே மிராகோஸ்டா ஓட்டல் சுவர் முழுக்க ஓவியங்களும் அசைந்தன. அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

லாக்கரைத் திறந்து பையை எடுத்தபோது மணி எட்டரை. வழக்கப்படி அவள் கை நீண்டது. நான் அதற்குள் தோளில் மாட்டிக்கொண்டேன். அவள் பாப்கார்ன் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு மோனோரயில் படிகளில் எனக்கு முன்னால் ஏறினாள், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.