நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று

நிரல் எழுதும் வேலைக்கு வந்த இரண்டாவது ஆண்டில் எனக்கும் அந்த ஆசை வந்தது. கற்றுக்கொண்டதை நாலு பேருக்கு எழுதிச் சொல்ல வேண்டும். எதை என்று யோசிக்கவே இல்லை. அப்போது எல்லோர் வாயிலும் இருந்த ஒரு மொழியை எடுத்துக்கொண்டு ‘அறிமுகம்’ என்று தொடங்கிவிட்டேன். பன்னிரண்டு பகுதிகளுக்குத் திட்டம். முதல் பகுதியில் நிறுவுவது எப்படி, இரண்டாவதில் மாறிகள், மூன்றாவதில் லூப். நான்காவது பகுதி வரவே இல்லை.

வேலை அதிகம் என்று கேட்டவர்களிடம் சாக்குச் சொன்னேன். உண்மை வேறு. மூன்று பகுதிகளிலும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு வரிகூட இல்லை. அந்த மொழியை உருவாக்கியவர்களே எழுதிய கையேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கி, சுருக்கும்போது கொஞ்சம் கெடுத்தும் வைத்திருந்தேன். கையேட்டை அவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் திருத்துகிறார்கள். நான் திருத்துவேனா? அடுத்த பதிப்பிலேயே நிறுவும் முறை மாறிவிட்டது. அதற்குப் பிறகு என்னுடைய முதல் பகுதியை நம்பி உட்கார்ந்தவர் யாராவது இருந்தால், அவருக்கு ஒரு மாலைப்பொழுது போயிருக்கும்.

எழுதும் ஆசையை அதோடு மூட்டை கட்டி வைத்தேன். அதை அவிழ்க்க வைத்தது ஒரு சர்வர் கோளாறு.

ஆர்டர் எடுக்கும் ஒரு செயலி. ஒருநாள் மாலை திடீரென்று எல்லாப் பக்கங்களும் நின்றுவிட்டன. சர்வர் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாகில் பார்த்தால் டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்ற பிழை வரிசை வரிசையாக வருகிறது. அப்புறம் என்ன, டேட்டாபேஸ்தான் திணறுகிறது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். அதன் சிபியு பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்பது திரையில் தெரிந்துகொண்டே இருந்தது. பார்த்தோம், ஆனால் யாரும் அதற்கு அர்த்தம் தேடவில்லை. செயலி ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸ் இணைப்புகளின் எண்ணிக்கையை 20-லிருந்து 40 ஆக்கி மறுபடி கிளப்பினோம். சில நிமிடம் ஓடியது, மறுபடி நின்றது. குழாயில் தண்ணீர் நின்ற பிறகு வரிசையில் இன்னும் இருபது குடம் வைத்த கதை.

கடைசியில், செயலிக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் திரெடுகள் ஒவ்வொன்றும் எந்த வரியில் நிற்கிறது என்று எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அத்தனையும் ஒரே இடத்தில் நின்றன. பணம் வசூலிக்கும் வெளிச் சேவையை அழைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தன. அந்த அழைப்பு எங்கே இருந்தது? பல வேலைகளை ஒரே கட்டாக முடிக்கும் டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷனுக்கு உள்ளே. ஆர்டரை எழுது, பணத்தை வசூலி, நிலையை மாற்று, கமிட் செய், அதாவது எல்லாவற்றையும் உறுதியாகப் பதிந்துவிடு. படிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெளிச் சேவை பதில் சொல்லும்வரை திரெடு டேட்டாபேஸ் இணைப்பையும் சும்மா கையில் பிடித்தபடி நிற்கும்.

கணக்கு எளிது. ஒரு ஆர்டர் ஒரு இணைப்பை 200 மில்லிவினாடி பிடித்து வைத்தால், 20 இணைப்புகளால் வினாடிக்கு 100 ஆர்டர் போகும். அன்று வெளிச் சேவை மெதுவாகி, இவ்வளவு நேரம்தான் காத்திருப்போம் என்று நாங்கள் வைத்த வரம்பான (டைம்அவுட்) 30 வினாடியும் ஒவ்வொரு ஆர்டரும் காத்திருந்தது. 20-ஐ 30-ஆல் வகுத்தால் வினாடிக்கு ஒன்றுகூட இல்லை. 40 ஆக்கினாலும் ஒன்றரையைத் தாண்டாது. டேட்டாபேஸுக்கு வேலையே வரவில்லை, அதனால்தான் அதன் சிபியு சும்மா கிடந்தது.

அழைப்பை டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே எடுத்தோம். முதலில் ஆர்டரை ‘நிலுவை’ என்று எழுதி கமிட் செய்வது, பிறகு வெளிச் சேவையை அழைப்பது, பதில் வந்ததும் இன்னொரு சின்ன டிரான்ஸாக்ஷனில் நிலையை மாற்றுவது. டைம்அவுட்டை 3 வினாடி ஆக்கினோம். இதில் வேறு ஒரு தலைவலி உண்டு. நடுவில் சர்வர் விழுந்தால் பணம் போயிருக்கும், ஆர்டர் நிலுவையிலேயே கிடக்கும். அந்த மாதிரி ஆர்டர்களைத் தேடி, வெளிச் சேவையிடம் கேட்டுச் சரிபார்க்க ஒரு தனி வேலை எழுத வேண்டியிருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாங்கள் என்ன நினைத்தோம், ஏன் அப்படி நினைத்தோம், எது எங்களை ஏமாற்றியது என்று ஒரு பக்கம் எழுதி டீமின் பொதுக் குறிப்புகளில் போட்டுவிட்டு மறந்துபோனேன். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, முகம் மட்டுமே தெரிந்த வேறு டீம்காரர் ஒருவர் வந்து நின்றார். “சிபியு சும்மா இருக்கு, ஆனா எல்லாம் நிக்குதுன்னு எழுதியிருந்தீங்களே, எங்களுக்கும் அதேதாங்க. அந்த ஒரு வரியைப் பார்த்ததும்தான் உயிர் வந்துச்சு” என்றார்.

அவர் போன பிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது தீர்வு என்று நான் நினைத்திருப்பேன். ஆனால் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது அறிகுறி. ‘டிரான்ஸாக்ஷனுக்குள் வெளி அழைப்பு கூடாது’ என்று தலைப்பு வைத்து எழுதியிருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்காது, பட்டாலும் தன்னுடைய சிக்கல் அது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. காரணம் தெரிந்தவருக்குக் கட்டுரையே வேண்டாம். தெரியாதவர் கையில் இருப்பது அறிகுறி மட்டும்தான். அன்றிலிருந்து என் குறிப்புகளுக்கு அறிகுறியைத்தான் தலைப்பாக வைக்கிறேன். தலைப்பு கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

இன்னொரு பழக்கமும் அப்போது தொடங்கியது. ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ‘நினைத்தது’, ‘நடந்தது’, ‘காரணம்’ என்று மூன்று இடம். வேலை முடித்துக் கிளம்பும்போது அன்று ஏமாந்த விஷயம் எதுவாவது இருந்தால் ஒரு வரி. ஏமாறாத நாளில் எதுவும் இல்லை. இது என் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட வழியில்லை. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதிய டொனால்ட் கனூத், 1978-லிருந்து பத்து ஆண்டுகள் அதில் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவேட்டில் குறித்து வைத்தார். 850-க்கும் மேற்பட்ட பிழைகளைப் பதினைந்து வகையாகப் பிரித்து, 1989-இல் பட்டியலோடு வெளியிட்டார். வெறும் தட்டச்சுப் பிழைக்கும் அதில் ஒரு வகை உண்டு. அவ்வளவு பெரிய மனிதர் தன் எழுத்துப்பிழையைக்கூட எண்ணி வைத்திருக்கிறார். நான் ஒரு டைம்அவுட்டை ஒப்புக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்?

கோப்பில் சேர்வதில் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடும். கமா விட்டுப்போனது, பழைய நிரலை சர்வரில் டெப்ளாய் செய்துவிட்டு அரைமணி நேரம் புதிய நிரலில் பிழை தேடியது, இதெல்லாம் எழுதத் தகுந்தவை அல்ல. (இரண்டாவது எனக்கு நாலு முறை நடந்திருக்கிறது.) இரண்டு வாரம் கழித்துப் படிக்கும்போதும் ‘அட, ஆமாம்ல’ என்று தோன்றுவது எப்போதாவது ஒன்றுதான். அதை எழுதலாம்.

தமிழ் எழுத்துகளைக் கையாளும் நிரல் அப்படி எனக்குக் கிடைத்த சுரங்கம். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் என்ற நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோட் தனித்தனியாக எண்ணுகிறது. சேமிக்கப் பயன்படும் யுடிஎஃப்-8 வடிவில் அதே சொல் 15 பைட். இதுவரை தெரிந்த கதைதான். எங்களைக் கடித்தது எஸ்எம்எஸ். சாதாரண ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழ் கலந்தால் 70. அதையும் தாண்டினால் துண்டுக்கு 67. எங்களில் ஒருவர் தமிழ்ச் செய்தியைக் கண்ணால் எண்ணி, எழுபதுக்குள் அடங்குகிறது என்று சொல்லிவிட்டார். புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும் என்பது அவர் கணக்கில் இல்லை. ‘வணக்கம்’ என்ற ஐந்தெழுத்தே 7 இடம். ஒவ்வொரு செய்தியும் இரண்டாகப் போய், பில் வந்த பிறகுதான் விழித்துக்கொண்டோம்.

அதைவிட வேடிக்கை தேடல். ‘கொடி’ என்ற சொல் டேட்டாபேஸில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் இல்லை என்கிறது. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற முறையில் சீராக்கிவிட்டால் இது சரியாகிவிடும். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ‘கௌரி’ வந்தார். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள். அது யூனிகோட் கண்ணில் முறையான வேறொரு சொல். எந்தச் சீராக்கமும் அதைத் தொடாது. அதற்கு நாமேதான் விதி எழுத வேண்டும். அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ‘கெளுத்தி’ மாட்டிக்கொள்ளும். அங்கே எகரமும் ளகரமும் உண்மையாகவே இருக்கின்றன. இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். தமிழைப் படிக்கத் தெரிந்த ஒருவர்தான் இந்தப் பிழையைப் பார்க்கவே முடியும் என்பதாலோ என்னவோ.

‘இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டார்களே’ என்ற தயக்கம் எனக்கு நீண்ட நாள் இருந்தது. பைனரி சர்ச் பற்றித் தெரிந்த பிறகு குறைந்தது. வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் வெட்டி வெட்டித் தேடும் அந்த முறை 1940-களிலேயே அச்சில் வந்துவிட்டது. எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் 2006-இல் ஜோஷுவா பிளாக் என்ற நிரலாளர், ஜாவா என்ற நிரல்மொழிக்காகத் தான் எழுதியதிலேயே பிழை இருந்தது என்று எழுதினார். நடுவைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். கூட்டுத்தொகை, அங்கே எண் தாங்கும் உச்சமான 2147483647-ஐத் தாண்டினால் எண் சுழன்று எதிர்மறையாகிவிடும். பட்டியலில் நூறு கோடிக்கு மேல் இருந்தால்தான் நடக்கும் என்பதால் சுமார் ஒன்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. அரைத்த மாவு என்று எல்லோரும் விட்ட இடத்தில்தான் அது கிடந்தது.

எனக்கும் சின்ன அளவில் ஒன்று நடந்தது. நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரமான யுடிசியில் சேமியுங்கள் என்று ஒரு குறிப்பு எழுதினேன். எல்லோரும் சொல்வதுதான். டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் படித்துவிட்டு, “வாரா வாரம் லண்டன் நேரம் ஒன்பது மணிக்கு மீட்டிங்னா என்ன செய்றது?” என்று கேட்டார். குளிர்காலத்தில் லண்டனும் யுடிசியும் ஒன்று, கோடையில் லண்டன் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். ஜனவரியில் ஒன்பது என்று சேமித்தது ஜூலையில் பத்தாகத் தெரியும். நடந்து முடிந்த நிகழ்வுக்கு யுடிசி போதும். வரப்போகும் சந்திப்புக்கு உள்ளூர் நேரத்தையும் ‘யூரோப் / லண்டன்’ மாதிரி மண்டலப் பெயரையும் சேர்த்து வைக்க வேண்டும். என் குறிப்பை அழித்துவிட்டு அவருடைய கேள்வியையே தலைப்பாக்கி மறுபடி எழுதினேன். பொதுவான அறிவுரை எங்கே உடைகிறதோ அங்கேதான் எழுத விஷயம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மற்றவர் எழுதிய நிரலைப் படித்துக் கருத்துச் சொல்லும் கோட் ரிவியூவில் ஒரே விளக்கத்தை மூன்றாவது முறை எழுதினால் அதையும் கட்டுரையாக்கிவிடுகிறேன். பணத்தை, தசமத்தைத் தோராயமாகவே வைக்கும் மிதவைப்புள்ளி எண்ணில் வைக்காதீர்கள், 0.1 கூட்டல் 0.2 என்றால் 0.30000000000000004 வரும், ஆக பைசா மாதிரி மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள் என்பது அப்படி வந்தது. இப்போது அந்தக் கட்டுரையின் லிங்கை மட்டும் அனுப்பிவிடுகிறேன். சோம்பேறித்தனமும் ஒரு நல்ல காரணம்தான்.

நிரல் வரியை உள்தள்ள டேபா ஸ்பேஸா, எந்த நிரல்மொழி உயர்ந்தது என்ற வகையை ஒருமுறை தொட்டேன். நிறையப் பேர் படித்தார்கள், சண்டை போட்டார்கள். யாருக்கும் எதுவும் சரியாகவில்லை. அதோடு விட்டேன்.

நல்ல விஷயமாக இருந்தும் எழுத முடியாதவை உண்டு. வாடிக்கையாளர் விவரம் கலந்தவை, இன்னும் அடைக்காத பாதுகாப்பு ஓட்டைகள், பக்கத்து இருக்கைக்காரரின் தவறு. கடைசி வகைக்கு மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் நிரலை முழுவதும் உதறிவிட்டு, அதே கோளாறு வரும்படி இருபது முப்பது வரியில் புதிதாக ஒன்று எழுதிப் பார்ப்பேன். யார் எழுதியது என்ற அடையாளமே அதில் இருக்காது. பல நேரம் கோளாறு வராது! அப்போதுதான் நான் காரணம் என்று நம்பியது காரணமே இல்லை என்று தெரியும். அப்படி இரண்டு கட்டுரைகள் பாதியில் நின்று, நிஜக் காரணத்தோடு வேறு கட்டுரைகளாகப் பிறந்திருக்கின்றன. மூன்றாவது ஒன்று பிறக்காமலே போய்விட்டது.

இந்த வாரம் கோப்பில் ஏறியது ஒரே வரி. நினைத்தது: தனியாக ஓட்டும்போது நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் தேறுகிறது, ஆகவே நிரல் சரி. நடந்தது: மற்ற டெஸ்டுகளோடு சேர்த்து ஓட்டினால் மூன்று முறைக்கு ஒருமுறை விழுகிறது. காரணம் என்ற இடத்தில் முதலில் ‘ஓடும் வரிசை’ என்று எழுதினேன். வரிசையை மாற்றாமல் பூட்டி ஓட்டியபோதும் விழுந்தது. அதை அடித்துவிட்டேன். இப்போது அந்த இடம் காலி.