விக்ராந்த்தை வெட்டிய தாருகானாவில்

மும்பையில் நம் பழைய விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த்தைத் தேடினால் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஒன்று, கடற்படைத் தளத்தின் லயன் கேட் பக்கம் இருக்கும் நினைவுச் சின்னம். மற்றொன்று, கப்பலை வெட்டிக் கூறுபோட்ட தாருகானா. பெரும்பாலானோர் முதலாவதோடு திரும்பிவிடுவார்கள். எனக்கு இரண்டாவதைப் பார்த்தே ஆக வேண்டும்.

சித்தப்பா கூட வந்தார். நெல்லைக்காரர், பல வருஷமாகச் சயான் கோலிவாடா வாசி. ஜிடிபி நகரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து ரே ரோட்டில் இறங்கினோம். “அங்கன என்னல இருக்கு பாக்கதுக்கு? எல்லாத்தையும் அறுத்துத் தள்ளிட்டானுவ” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தெருவோரம் முழுக்க கப்பலில் கழற்றிய சாமான்கள்: வட்ட ஜன்னல்கள், தடித்த கயிற்றுச் சுருள்கள், இரும்பு ஏணிகள். ஒரு கடை வாசலில் நங்கூரச் சங்கிலி குவிந்து கிடந்தது. ஒரே ஒரு வளையத்தைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. வளையங்கள் ஒன்றோடொன்று உரசிய உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்தில் விரல் பட்டாலே துரு செதில் செதிலாக உதிர்ந்தது. காற்றில் கேஸ் கட்டரில் இரும்பு வேகும் வாடை.

இந்த வாடைக்கு நடுவில்தான் நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல் முடிந்துபோனது. 1945-ல் பிரிட்டனில் நீரில் இறக்கப்பட்டு, பாதி வேலையில் நின்றுபோன கப்பலை 1957-ல் இந்தியா வாங்கியது. 1961 மார்ச் 4-ல் பெல்ஃபாஸ்ட்டில் விக்ராந்த் ஆனது. 1971 போரில் அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. அப்படியும் வங்கக் கடலில் நின்று, அதன் சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. அதை மூழ்கடிக்கத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, விசாகப்பட்டினம் அருகே மூழ்கிப்போனது.

1997 ஜனவரி 31-ல் ஓய்வு. அதன்பிறகு மும்பையிலேயே அருங்காட்சியகமாக நின்றது. பிள்ளைகளோடு சித்தப்பா போயிருக்கிறார். விமானங்களை மேல்தளத்துக்குத் தூக்கும் லிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு இப்போதும் குரல் மாறிவிடும்.

2012-ல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். பராமரிக்க முடியாது என்று மகாராஷ்டிர அரசு கைவிரித்தது. ஏலத்தைத் தடுக்கப் போட்ட பொதுநல வழக்கை 2014 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சுமார் 60 கோடி ரூபாய்க்கு விலைபோன கப்பல், அந்த மே மாதம் தாருகானாவுக்கு இழுத்து வரப்பட்டது. உச்ச நீதிமன்றமும் வழிவிட்ட பிறகு, நவம்பரில் வெட்டத் தொடங்கினார்கள்.

துறைமுகத் தரப்பையும் நான் ஒதுக்கவில்லை. ஏறக்குறைய 213 மீட்டர் நீளம். ஓடாத கப்பலுக்கு அவ்வளவு இடத்தை அடைத்து வைப்பது நெரிசலான துறைமுகத்துக்குச் சுமைதான். வண்டல் சேரும் கடலில் அடிப்பகுதி அரித்துக்கொண்டே போகும். மூழ்கினால் பாதையே அடைபடும். என் கோபமெல்லாம் அதற்கு முந்திய வருஷங்கள் மேல். கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் ஆய்ஸ்டர் ராக் தீவில் நிரந்தரமாக நிறுத்தும் யோசனை பேச்சோடு நின்றது. எங்கே நிறுத்துவது, யார் செலவு செய்வது என்று முடிவாகாமலே உப்புத் தண்ணீரில் பதினைந்து வருஷத்துக்கு மேல் விட்டுவைத்தால் எந்த இரும்பு தாங்கும்?

விசாகப்பட்டினத்தில் வேறு மாதிரி செய்தார்கள். குர்சுரா நீர்மூழ்கி 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. கடற்கரையில் அடித்தளம் போட்டு, கரைக்கே இழுத்து ஏற்றி, 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அது சின்னது, விக்ராந்த் மலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடத்தை முதலில் முடிவு செய்தார்கள், அதனால் இன்றும் அதனுள்ளே போய்ப் பார்க்கலாம். விக்ராந்த்துக்குப் பின் விராட் என்ற இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலுக்கும் இதே கதி. 2020-ல் குஜராத்தின் அலங்குக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடக்கும்போதே வெட்டு ஏறக்குறைய பாதி தூரம் வந்திருந்தது.

சாயங்காலம் சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் இறங்கி நினைவுச் சின்னத்துக்கு நடந்தோம். கப்பலின் இரும்பிலேயே செய்து 2016 ஜனவரியில் திறந்தது. அழகாகத்தான் இருக்கிறது, வணங்கிவிட்டுத்தான் வந்தோம். ஆனால் அந்த லிஃப்டில் ஏறி மேல்தளத்துக்குப் போக எந்தப் பிள்ளைக்கும் இனி வழியில்லை. விசாகப்பட்டினம் போகலாமா என்று கேட்டேன். “பேரப்புள்ளைகளுக்கு லீவு விடட்டும், எல்லாரையும் கூட்டிட்டுப் போவோம்” என்றார் சித்தப்பா.