கேதார்கந்தா: மார்கழிக் குறிப்புகள்

டிசம்பர் 19, டேராடூன்

உத்தரகாண்டின் கேதார்கந்தா மலை ஏற வந்திருக்கும் குழுவின் பைகளைத் திறந்து பார்த்தாயிற்று. பத்தில் ஆறு பேரிடம் பருத்தி பனியன். வேர்வையில் நனைந்த பருத்தி மேலே காயவே காயாது. நின்ற இரண்டாவது நிமிடம் முதுகு சில்லிடும். மூன்று அடுக்கு போதும்: உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்று புகாத ஜாக்கெட். கேம்பில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் உப்பலான பஃபர் ஜாக்கெட். நடக்கும்போது பஃபர் போட்டால் வேர்க்கும், மறுபடி அதே கதை.

சாக்ஸ் நான்கு ஜோடி. அதில் ஒரு ஜோடி கம்பளி, தூங்க மட்டும். அது டென்ட்டை விட்டு வெளியே வரக் கூடாது.

குழுவில் சின்னவன் இருமுகிறான். ரயிலில் பிடித்த சளி என்கிறான்.

டிசம்பர் 20, சாங்க்ரி

ஆறு மணிக்குக் கிளம்பி சாயங்காலம் நான்கரைக்கு, ஏற்றம் தொடங்கும் இந்த ஊருக்கு வந்தது வண்டி. 200 கிலோமீட்டர்தான், ஆனால் முசூரி தாண்டியதிலிருந்து வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் புறப்பட அரைமணி முன்னால் போட வேண்டும். கெம்ப்டி வந்தபிறகு போட்டுப் பயனில்லை. புரோலாவில் பணம் எடுத்துக்கொண்டாயிற்று. அதற்கு மேல் ஏடிஎம்மையும் சிக்னலையும் நம்ப முடியாது.

புரோலா சமவெளியில் சிவப்பரிசி வயல்கள் அறுவடை முடிந்து கட்டாந்தரையாகக் கிடந்தன. மோரி வந்ததும் டோன்ஸ் ஆறு கூடவே வருகிறது, பச்சை நிறத்தில். நைட்வாரில் ரூபினும் சூபினும் கலந்துதான் டோன்ஸ் ஆகிறது. எல்லோரும் வனத்துறைச் சோதனைச்சாவடியில் நின்று படிவம் நிரப்புகிறார்கள், ஆற்றைப் பார்ப்பதில்லை. இங்கிருந்து கோவிந்த் சரணாலயம், 1955ல் அறிவித்தது. உள்ளே கொண்டுபோகும் ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையும் திரும்பி வர வேண்டும்.

டிசம்பர் 21, சாங்க்ரி

மேகம்.

டிசம்பர் 22, சாங்க்ரி

இரவு முழுக்கப் பனி. காலையில் அக்ரூட் மரங்களின் கிளைகள் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை. சௌர் கிராமம் வரை போய் வந்தோம். கல்லும் தேவதாரு மரமும் அடுக்கிக் கட்டிய வீடுகள். கீழே மாடு, மேலே மனிதர்கள். மாட்டின் சூடு மேல்தளத்துக்கு ஏறுகிறது. மண்டுவா ரொட்டி கிடைத்தது. கேழ்வரகுதான். ராஜ்மாவோடு சாப்பிட்டால் நான்கு மணிநேரம் தாங்கும்.

இந்த ஊர் 1,900 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு நாள் கூடுதலாக இங்கே இருப்பது வீணில்லை, உடம்பு பழகும். வந்த மறுநாளே ஏற வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்குத்தான் மூன்றாம் நாள் தலைவலி.

மேகம் விலகவில்லை. சொர்க்காரோஹிணி சிகரம் இருக்கும் திசை வெறும் சாம்பல்.

டிசம்பர் 23, ஜூடா கா தாலாப்

வானம் திறந்தது. எட்டரைக்குப் புறப்பட்டு ஒன்றேகாலுக்கு ஏரி. 2,770 மீட்டர். ஒரே நாளில் 850 மீட்டர் ஏற்றம். இந்தப் பாதையில் மூச்சு வாங்கும் முதல் இடம் சாங்க்ரியை விட்டு வெளியேறும் அந்த முதல் முக்கால் மணிநேரம்தான். அங்கே வேகமாகப் போனவர்கள் மதியம் பின்தங்கினார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம், அதுதான் அளவு.

காட்டைப் பற்றி எழுத வேண்டும். கீழே உதிர்ந்து கிடக்கும் ஊசியிலையைக் கையில் எடுத்து எண்ணினால் மரம் எது என்று தெரிந்துவிடும். ஒரு கொத்தில் மூன்று ஊசி இருந்தால் சீர் பைன். ஐந்து இருந்தால் நீலப் பைன், உள்ளூரில் கைல் என்கிறார்கள். ஊசிகள் குட்டையாக, விறைப்பாக, ஒரு புள்ளியிலிருந்து வட்டமாக விரிந்தால் தேவதாரு. சாங்க்ரிக்கு முன்பே மூன்று ஊசி மரங்கள் குறைந்துவிட்டன. ஐந்தும் தேவதாருவும் வந்தன. ஏரிக்குப் பக்கத்தில் ஓக் மரங்கள், கிளையெல்லாம் சாம்பல்பச்சைத் தாடி தொங்க. படம் எடுப்பவர்கள் நிற்கும் இடம் ஏரிக்கரை. ஆனால் அதற்கு அரைமணி முன்னால், வெயில் ஓக் கிளைகளுக்குள் சாய்வாக விழுந்து அந்தத் தாடிகள் எரிவதுபோல் தெரிகிற ஒரு வளைவு இருக்கிறது. அங்கே யாரும் நிற்கவில்லை.

ஏரி மேலே உறைந்திருக்கிறது. ஏறி நடக்க வேண்டாம். நடுவில் கெட்டியாகத் தெரிந்தாலும் ஓடை வந்து சேரும் ஓரத்தில் பனிக்கட்டி மெல்லிசு. சிவன் சடையிலிருந்து விழுந்த நீர் இது என்பது இங்குள்ள நம்பிக்கை. ஜூடா என்றால் முடிந்த கூந்தல்.

ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரை விரலில் போட்டபோது ஒருவருக்கு 79 காட்டியது, பதறிவிட்டார். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகத்தான் காட்டும். அக்குளில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கிய பிறகு 91.

சின்னவனுக்கு 92. இருமல் இருக்கிறது. வறட்டு இருமல்.

டிசம்பர் 24, பேஸ் கேம்ப்

மூன்று மணிநேரம். 3,400 மீட்டர். காடு முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பு. இப்போது புல் எங்கே, முழங்கால் வரை பனி. ஷூ வாயை மூடும் கெய்ட்டர் உறை கட்டாதவர்களின் ஷூவுக்குள் பனி புகுந்து உருகிவிட்டது. இன்று ராத்திரி அந்த ஷூ கல்லாகும். லேஸைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் வைக்கச் சொன்னேன். லேஸை இறுக்கிக் கட்டியபடியே உறைய விட்டால் காலை மூன்றுக்கு அதற்குள் கால் நுழையாது.

இப்போது சொல்ல வேண்டியது. இந்த மலைக்கு வருகிற எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: உச்சியில் சூரியோதயம். நல்லதுதான். ஆனால் திசையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சொர்க்காரோஹிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் மூன்றும் நமக்குக் கிழக்கே. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில், பந்தர்பூஞ்சுக்கு வலதுபக்கம் எழுகிறது. அப்படியென்றால் விடியும் நேரத்தில் நாம் பார்ப்பது அந்த மலைகளின் நிழல்முகம். கறுப்பாக வெட்டி வைத்த விளிம்பு, அதன் ஓரத்தில் தங்கக் கோடு. அழகுதான். நிறம் கிடையாது.

நிறம் சாயங்காலம், இங்கே, இந்தக் கேம்பில். நாலரைக்கே நம்மேல் நிழல் விழுந்துவிட்டது. உடனே எல்லோரும் சாப்பாட்டு டென்ட்டுக்குள் ஓடிவிட்டார்கள், சூப் வந்துவிட்டதாம். வெளியே அந்த மூன்று மலைகளும் மேற்கு வெயிலை முழு முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றன. ஐந்து மணிக்கு மஞ்சள். ஐந்து பத்துக்குச் செம்பு. பிறகு ரோஜா, கீழிருந்து மேலாக நீலம் ஏறி ஏறி, கடைசியில் சொர்க்காரோஹிணியின் நுனியில் மட்டும் ஒரு கங்கு. ஐந்தரைக்கு அதுவும் அணைந்தது. தர்மர் உடம்போடு சொர்க்கம் போன வழி இது என்று ஊரார் சொல்வதை நம்பாதவர்கள்கூட அந்தக் கடைசி இரண்டு நிமிடம் பேச மாட்டார்கள். 6,252 மீட்டர். காலாநாக் 6,387, படமெடுத்த நாகம்போல. பந்தர்பூஞ்ச் 6,316, அனுமன் வால்.

சூப் ஆறினால் மறுபடி சூடாக்கலாம்.

டிசம்பர் 24, இரவு

இருமல் சத்தம் இரண்டு டென்ட் தள்ளிக் கேட்கிறது. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 25, பேஸ் கேம்ப்

ஏறவில்லை. மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் மேல்முகட்டில் பனி புகைபோலப் பறக்கிறது. அந்தப் புகை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் காற்றில் விரல் உணர்வு போகப் பத்து நிமிடம் போதும். சிலருக்குக் கோபம். விடுமுறை முடிகிறதாம்.

எதிரே நிற்கும் பந்தர்பூஞ்சைக் காட்டினேன். 1946ல் டென்சிங் நோர்கே இருந்த குழு அதில் ஏறப் போய்த் திரும்பி வந்தது. 1950ல் மறுபடி போனார்கள், உச்சி தொட்டார்கள். மூன்று வருடம் கழித்து அதே டென்சிங் எவரெஸ்ட்டில். திரும்பி வந்ததால் யாருடைய கணக்கிலும் எதுவும் குறையவில்லை.

ஒரு டென்ட்டில் எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடித் தூங்கியிருக்கிறார்கள். மூச்சின் ஈரம் உள்கூரையில் உறைந்து, யாரோ எழுந்து கைபட்டதும் பொடிப்பனியாக எல்லோர் முகத்திலும் கொட்டிவிட்டது. ஸ்லீப்பிங் பேக் மேல்பக்கம் ஈரம். நான்கு விரல் அளவு மேலே திறந்தே இருக்க வேண்டும். குளிருமே என்பார்கள். ஈரமான ஸ்லீப்பிங் பேக் அதைவிடக் குளிரும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். நிமிர்த்தி வைத்தால் மூடி ஒட்டிக்கொண்டு, உள்ளே தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது.

இருமலைப் பற்றி. குளிர்ந்த வறண்ட காற்றை வாயால் இழுத்தால் தொண்டை எரிந்து இருமல் வரும். பாதிப் பேருக்கு வரும். கழுத்தில் போடும் பஃப் துணியை மூக்கு மேல் ஏற்றி, மூக்கால் மூச்சு விட்டால் அடங்கும். அந்த இருமலுக்குப் பயமில்லை. பயப்பட வேண்டியது வேறு: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுத்தால் அதிகமாவது, ஓய்விலும் நாடி ஓடுவது, பிறகு இளஞ்சிவப்பு நுரையோடு சளி. நுரையீரலில் நீர் கோக்கிறது. அப்போது மாத்திரை, ஆக்சிஜன் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. இறங்க வேண்டும், அந்த நிமிடமே, இருட்டாக இருந்தாலும். டயமாக்ஸ் மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழக உதவும். கோளாறை மூடி மறைத்து ஏற வைக்கும் மருந்து இல்லை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

இந்த மலையை "புதியவர்களுக்கு ஏற்றது" என்கிறார்கள். சரியான பேச்சு. கயிறு வேண்டாம், பாறை ஏற வேண்டாம், பனிப்பிளவு கிடையாது. ஆனால் அந்தச் சொல் சரிவைப் பற்றியது. குளிருக்கும் காற்றழுத்தத்துக்கும் புதியவர் பழையவர் தெரியாது. உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

மாலை ஆறு மணி: சின்னவன் 88. உட்கார்ந்திருக்கும்போது நாடி 96.

இரவு ஒன்பது: 85. நாடி 114. தலையணையை உயர்த்திக் கேட்கிறான்.

முடிவு எடுத்தாயிற்று. ஒன்பதேகாலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வழிகாட்டி அண்ணன் ஒருவரும் இன்னொருவரும், ஆக்சிஜன் சிலிண்டரோடு ஏரிக்கு இறங்குகிறார்கள். 600 மீட்டர் இறக்கம் போதும் என்று நினைக்கிறேன். போதாவிட்டால் நிற்காமல் சாங்க்ரி. அவன் அழுதான்.

டிசம்பர் 26, உச்சி

காற்று இல்லை. மூன்றேமுக்காலுக்குப் புறப்பாடு. இரண்டு மணிக்கே கிளம்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உச்சியில் இருட்டில் ஒரு மணிநேரம் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். விடிவது ஏழு பத்துக்கு.

மேற்கே சாய்ந்து திருவாதிரை, செம்மையாக. மார்கழியில், சிவன் பெயர் கொண்ட மலையில்.

பனி காலடியில் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் வந்தால் நல்ல குளிர், நல்ல பிடி. ஷூவுக்கு அடியில் மாட்டும் முள், அதாவது மைக்ரோஸ்பைக்கை டென்ட் வாசலிலேயே மாட்டிவிட வேண்டும். சரிவில் நின்று கையுறையைக் கழற்றி மாட்ட முயன்ற இருவருக்கு விரல் மரத்துப்போனது. உள்கையுறை கழற்றாமல் மாட்டிப் பழகுவது சாங்க்ரியிலேயே செய்ய வேண்டிய பயிற்சி.

கடைசிச் சரிவு செங்குத்து. முன்னால் போனவர் உதைத்து வைத்த படியில் முழுப் பாதத்தை வைத்து, பின்காலை நேராக்கி எலும்பில் எடையை நிறுத்தி, ஒரு மூச்சு, பிறகு அடுத்த அடி. இருபது அடிக்கு ஒரு நிற்றல். ஒன்பது மணிக்குள் முகட்டைத் தொடாதவர்கள் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை.

ஆறு ஐம்பதுக்கு மேலே. 3,810 மீட்டர். கல்குவியல், திரிசூலம், மணிகள்.

எல்லோரும் கிழக்கே. நான் கேட்டுக்கொண்டபடி நான்கு பேர் மேற்கே திரும்பினார்கள். முதல் வெளிச்சம் விழுவது அங்கேதான்: சான்ஷல் முகடு, இமாசலப் பக்கம், ஒரு கோடாகச் சிவந்து கீழே வழிந்தது. சூரியன் எழுந்ததும் கேதார்கந்தாவின் நிழலே ஒரு முக்கோணமாக அந்தப் பள்ளத்தாக்குகள்மேல் நீண்டு கிடந்தது. நீலமாக. நிமிடத்துக்கு நிமிடம் சுருங்கி நம் காலடிக்கு வந்தது. அதைப் பார்க்க முழு நேரம் இருபது நிமிடம்.

கிழக்கே தங்க விளிம்பு. ஹர் கி தூன் பள்ளத்தாக்கில் இன்னும் இருட்டு.

கறுப்புக்கண்ணாடியை வெயில் வந்த உடனே போட வேண்டும். கண் கூசவில்லையே என்பார்கள். பனியில் திரும்பும் புற ஊதாக்கதிர் அப்போது வலிக்காது, ராத்திரி கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும்.

இறக்கத்தில்தான் விழுகிறார்கள். நூறு பேர் மிதித்து மெழுகிய பாதை கண்ணாடி. குதிகாலை முதலில் ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு மேலே இருக்கும்படி முன்னே சாய வேண்டும். பயந்து பின்னே சாய்ந்தால் கால் வழுக்கும். பத்து மணிக்கு மேல் பனி இளகி ஸ்பைக்குக்கு அடியில் உருண்டையாக ஒட்டும். நான்கடிக்கு ஒருமுறை கம்பால் ஷூவைத் தட்ட வேண்டும். உட்கார்ந்து சறுக்குகிறவர்கள் ஸ்பைக்கைக் கழற்றாமல் சறுக்கினால் முள் பனியில் மாட்டிக் கணுக்கால் முறுக்கும். இன்று ஒருவர் தப்பித்தது அதிர்ஷ்டம்.

ஏரியிலிருந்து செய்தி வரவில்லை. இங்கே சிக்னல் இல்லை, வாக்கி டாக்கியில் கரகரப்பு மட்டும்.

டிசம்பர் 26, ஹர்காவ்

சாயங்காலம் ஐந்து. மரங்களுக்கு மேலே காலாநாக் சிவக்கிறது. இன்று எல்லோரும் வெளியே நிற்கிறார்கள், டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு.

ஆறு நாற்பது. கீழேயிருந்து ஆள் வந்தார். ஏரியில் நள்ளிரவு 91, விடியற்காலை 93, நாடி 84. மதியம் தானே நடந்து சாங்க்ரி போய்விட்டான். இருமல் மட்டும் இருக்கிறதாம்.

டிசம்பர் 27

சாங்க்ரி. ஓடைக்கரையில் நின்று எல்லோரும் சாக்ஸ் பிழிகிறார்கள். மேற்கே மேகம் ஏறுகிறது, நாளை காலை ஏறப்போகும் குழு முற்றத்தில் பை கட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நான்கு பேரிடம் பருத்தி பனியன்.